ஆறாவது டைல்

கொட்டாஞ்சேனை
2025 ஜனவரி 12

டில்ஷானி,

அம்மாதான். கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிடாதே, வீட்டில் ஒருவரும் சாகவில்லை. உன் அப்பாவுக்குப் பிறகு இந்த வீட்டில் சாவதற்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். நான் செத்தால் கடிதம் எழுத மாட்டேன்.

உன் கன்னியர் மடத்துக்கு வந்த முதல் தடவை கம்பிக்குப் பின்னால் உன்னைப் பார்த்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொன்னவள் நான். சொன்னது சொன்னதுதான். கம்பிக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போகலாம். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்க்க என்னால் ஏலாது. டெலிபோனில் கூப்பிட்டால், சாவுச் செய்தி என்றால் மட்டும்தான் உன்னிடம் தருவார்களாம். அதனால் பேனையைப் பிடித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டிவிட்டேன். பழையது நினைவிருக்குமே, நீ கேக் சுடுகிற போறணைக் கதவைத் திறந்தால் நான் பாசேஜில் போய் நிற்க வேண்டும். பின்னால் இருந்த ஸ்டோர் அறையையும் அதோடு சேர்த்துவிட்டேன். இப்போது இரண்டு பேர் முதுகு முட்டாமல் நின்று வேலை செய்யலாம். வங்கி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் ஓடர் செய்வோம் அம்மா என்று சொன்னது நீதான். வேலையை விட்டாய். ஆனால் கேக்குக்காக இல்லை.

பென்ட்ரி கபட் எல்லாம் சுவரில் பூட்டியாயிற்று. அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர் மட்டும் வெறும் சீமெந்தாக நிற்கிறது. ஆமர் வீதிச் சப்ரி நானாவின் கடையில் மாதிரிக்கு ஆறு டைல் வாங்கி வந்தேன். எல்லாம் உள்ளங்கை அளவுதான். இத்துடன் அனுப்புகிறேன். வெள்ளையில் நீலக் கோடு போட்டது ஒன்று, கடல் பச்சை ஒன்று, மற்றவை மஞ்சளும் சாம்பலுமாக. கபில நிறத்தில் தடிப்பாக ஒன்று கிடக்கும், பால் விடாத பிளேன்டி ஊற்றிக் காய்ந்த மாதிரி. அதை அவர் சும்மா போட்டுவிட்டார், அதை நீ பார்க்கவே வேண்டாம்.

உன் முகத்துக்கு நேரே இருக்கப் போகிற சுவர். நீதான் சொல்ல வேண்டும். ஜூலையில் உனக்கு இறுதி வார்த்தைப்பாடு என்று கோயில் ஃபாதர் சொன்னார். அதுவரைக்கும் வீட்டுக்குத் திரும்பிவர உனக்குத் தடையில்லை என்றும் அவரேதான் சொன்னார்.

அம்மா


2025 பெப்ரவரி 2
காணிக்கை மாதா திருநாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்தேன். உட்கார்ந்துதான் பிரித்தேன். முதல் வரியை வாசித்துவிட்டு அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. நீங்கள் கொஞ்சமும் மாறவில்லை.

டைல்களை மாலையில் எல்லாரும் கூடியிருக்கும்போது மேசையில் பரப்பினேன். இங்கே ஒருவருக்கு வருவது எல்லாருக்கும் வந்தது மாதிரி. வயதான சிஸ்டர்மார் கூட ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கன்னத்தில் வைத்து, எவ்வளவு குளிர்ச்சி என்றார்கள். எங்கள் குசினிச் சுவர் கரி பிடித்துப் போயிருக்கிறது, அவர்களுக்கு இது பெரிய காட்சி.

அம்மா, எதைத் தெரிந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கென்று ஒன்றைத் தெரிந்தெடுக்கிற பழக்கத்தை விடுவதற்குத்தான் இவ்வளவு காலமும் படித்துக்கொண்டிருக்கிறேன். எதை ஒட்டினாலும் உங்கள் கைபட்டால் அழகாகத்தான் இருக்கும். நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

ஃபாதர் சொன்னது சரி. ஜூலை 16. நானே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம், ஒவ்வொரு மாதமும் அதை எழுதத் தொடங்கிவிட்டு வேறு எதையோ எழுதி முடித்தேன். நீங்கள் பதில் போடாததால் அதை எழுதாமல் விடுவதும் சுகமாக இருந்தது.

மார்ச் 5 திருநீற்றுப் புதன். அன்றிலிருந்து தவக்காலம் முடிந்து பாஸ்கா வரும் வரைக்கும் இங்கே கடிதம் எழுதுவதும் இல்லை, வாசிப்பதும் இல்லை. வருகிறவை எங்கள் மதரின் மேசை லாச்சியில் இருக்கும். அதற்கு முன் டைல்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கடைக்காரர் தேடுவார்.

உங்கள் முழங்கால் வலி எப்படி?

சகோதரி மரிய ஜெசிந்தா
(டில்ஷானி)


கொட்டாஞ்சேனை
2025 பெப்ரவரி 27

டில்ஷானி,

இவ்வளவு நாளும் கோபத்தில் எழுதாமல் இருந்தேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, உன் தவக்காலம் தொடங்கப் போகிறதே என்று எழுதுகிறேன்.

எதை ஒட்டினாலும் அழகாக இருக்குமாம்! இதைச் சொல்ல எனக்கு ஒரு மகள் வேண்டுமா? கடையில் நிற்கிற பெடியனும் அதைத்தான் சொல்கிறான். ஒரு டைலைக் காட்டி இது நல்லது என்று சொன்னால் உன் துறவறம் கெட்டுப்போய்விடுமா? ஆண்டவர் வண்ணத்துப்பூச்சிக்கு நிறம் பார்க்கவில்லையா?

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சொல்லிவிடுகிறேன். சிங்க்கை அடுப்புக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறேன். கரண்டி லாச்சியும் இடப்பக்கம். போறணைக் கதவும் உன் கைக்குத் தோதாகத்தான் திறக்கும். பென்ட்ரி பூட்ட வந்த ஆள் அளவெடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அன்டி, இது இடக்கைக்காரருக்கு எல்லோ சரி? நீங்க வலக்கைதானே?" என்று கேட்டான். "நான் சொன்ன மாதிரிச் செய் தம்பி" என்றேன்.

பழைய குசினியில் உனக்கு எல்லாம் எதிர்ப்பக்கமாகவே இருந்தது. ஒரு நாளும் நீ குறை சொன்னதில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

சரி, நீ ஒன்றும் எழுத வேண்டாம். உன் சட்டதிட்டம் எதையும் மீற வேண்டாம். பிடித்த டைலை நீ வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்பு. ஒன்றும் பிடிக்கவில்லை, வரவும் மாட்டாய் என்றால் ஆறையும் அனுப்பிவிடு. நான் விளங்கிக்கொள்வேன். இதை இன்றைக்கே தபாலில் போடுகிறேன்.

அம்மா


கொட்டாஞ்சேனை
2025 மார்ச் 8

என் தங்கமே,

ஐந்துதான் வந்தது!

திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் பார்சல் வந்தது. முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தியால் வெட்டினேன். ஐந்து. திரும்ப எண்ணினேன், ஐந்து. கடதாசியை உதறினேன், பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு வரி கூட எழுதாமல் ஐந்தை அனுப்பியிருக்கிறாய். கெட்டிக்காரி. ஒரு சட்டத்தையும் மீறவில்லை, அம்மாவுக்கும் பதில் சொல்லிவிட்டாய்.

இந்தக் கடிதம் மதரின் லாச்சியில் கிடக்கும் என்று தெரியும். கிடக்கட்டும். எனக்கு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

ஆனாலும் அந்தக் கபிலத்தையா எடுத்தாய்? முதலில் எனக்கு முகம் சுருங்கியது. பிறகு யோசித்தால் நீ எடுத்ததுதான் சரி. வெள்ளையில் எண்ணெய் தெறித்தால் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். இது மஞ்சள், கறித்தூள் கறை எல்லாவற்றையும் தாங்கும். தடிப்பு என்பதால் சூட்டுக்கு வெடிக்காது. இதையெல்லாம் யோசித்துத்தானே எடுத்திருக்கிறாய். குசினியில் நின்று பழகியவளின் கண்.

நாளைக்கே சப்ரி நானாவிடம் போகிறேன்.

அம்மா


கொட்டாஞ்சேனை
2025 ஏப்ரல் 10

மகள்,

சுவர் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, அந்தப் பகிடியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சப்ரி நானாவிடம் அந்தக் கபிலம் கடைசி லொட். "அன்டி, ஈக்கிறது இவ்வளவுதான். இனி வராது. வேற நெறம் எடுங்களே" என்றார். இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். மேசன் ஹியூபேட் பாஸ்தான் ஒட்டினார், கோயில் வாசல்படிக்கு டைல் ஒட்டியவர். கடைசி வரிசைக்கு வந்ததும் கையை உதறிக்கொண்டு எழும்பினார். "அக்கா, ஒண்டு கொறையுது. என்ன செய்வம்? வெள்ளையில ஒண்டு வெச்சு விடவா?" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "விடுங்க பாஸ், அது என்ட மகளிட்ட இருக்கு. வரேக்க கொண்டு வருவா" என்றேன். அடுப்புக்கு நேர் மேலே, உன் கண் மட்டத்தில், ஒரு டைல் அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. நீ வந்து உன் கையாலேயே ஒட்டலாம். சீமெந்துப் பவுடர் கொஞ்சம் போத்தலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உன் கட்டில் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். ஒரு சட்டையும் வாங்கினேன், மெலிந்திருப்பாய் என்று ஒரு சைஸ் குறைத்து. பிடிக்காவிட்டால் மாற்றலாம், பில் இருக்கிறது.

பாஸ்கா வரைக்கும் ஒன்றும் கேட்க மாட்டேன். நான் இப்போது பொறுமைசாலி.

அம்மா


2025 ஏப்ரல் 21
பாஸ்கா திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மதர் லாச்சியைத் திறந்து அவரவர் கடிதங்களைத் தந்தார். எனக்கு மூன்று. ஜெசிந்தாவுக்குத்தான் இந்த வருடம் அதிகம் என்று சிஸ்டர்மார் கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பிரித்தேன். மேலே இருந்தது நீங்கள் கடைசியாக எழுதியது. சுவர், மெத்தை, சட்டை. ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மற்ற இரண்டையும் வாசித்தேன், விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

அம்மா, நீங்கள் பெப்ரவரியில் எழுதியது திருநீற்றுப் புதனுக்குப் பிறகுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நேராக லாச்சிக்குப் போய்விட்டது. பிடித்ததை வைத்துக்கொள் என்று நீங்கள் சொன்னதே எனக்குத் தெரியாது.

கபில டைலை நான் தெரிந்தெடுக்கவில்லை. எங்கள் குசினியில் மரக்கறி வெட்டுகிற மேசைக்கு ஒரு கால் கட்டை. வெட்டும்போதெல்லாம் ஆடும். நான் பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது சமையல் பார்க்கிற சிஸ்டர் வந்தார். "இது நல்ல மொத்தமான டைல். இதை மேசைக் காலுக்கு வெப்பமா? உங்கட அம்மா கோவிக்க மாட்டாதானே?" என்று கேட்டார். மதரும் சரி என்றார். நானே குனிந்து காலுக்குக் கீழே வைத்தேன். ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். மாதக் கடிதம் முடிந்துவிட்டது, பாஸ்காவுக்குப் பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு டைல்தானே என்று நினைத்தேன்.

சிங்க்கை இடப்பக்கம் வைத்ததை வாசித்த பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வீட்டுக்கு வர வேண்டும் போலத்தான் இருந்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தக் குசினியில், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற டில்ஷானி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அழுது முடித்து முகம் கழுவிய பிறகும், நான் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்றே மனம் சொன்னது. இரண்டும் உண்மை அம்மா. ஜூலையில் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். டைலுக்காகக் கேட்கலாம். மற்றதற்குக் கேட்டால் பொய்யாகிவிடும். உங்களுக்கு நோகும்போது எனக்கும் நோகிறது என்பது மட்டும் பொய்யில்லை.

டில்ஷானி


கொட்டாஞ்சேனை
2025 மே 11

டில்ஷானி,

மேசைக் காலுக்கு.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். என்ன அசிங்கமான நிறம்! நீ எடுத்தது என்று நினைத்த வரைக்கும் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டுபோய் "மகள் செலக்ட் பண்ணினது" என்று காட்டினேன். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். வாய் கூசாமல் சொன்னார்கள்.

கோயிலுக்குப் போய் மாதாவோடு சண்டை பிடித்தேன். "உமக்கென்னம்மா, உம்மட மகன் மூண்டாம் நாளே எழும்பி வந்திட்டார்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன் வாங்கில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

உன்னை ஏச வேண்டும் என்று இருந்தேன், ஏச்சு வரவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை. நான்தான் ஐந்து டைலை எண்ணி ஒரு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வார்த்தைப்பாட்டுக்கு நான் வரவில்லை. என்னைக் கேட்காதே.

ஒன்றை மட்டும் சொல். கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, என்றாலும் சொல். எதை எடுத்திருப்பாய்?

அம்மா


2025 ஜூன் 8
பெந்தகோஸ்து ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

வெள்ளையில் நீலக் கோடு போட்டதை.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. காலை வெயில் பட்டால் அந்தக் குசினி எப்படி இருக்கும் என்று கூட நினைத்துப் பார்த்துவிட்டேன். திருப்பி வைக்க மனம் வரவில்லை. அதனால்தான் பார்சல் கட்டும்போது எல்லாவற்றுக்கும் முதலில் அதைச் சுற்றி வைத்தேன்.

கபில டைலை மதரிடம் கேட்டு வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். மேசைக்குக் காட்போட் மட்டையை மடித்து வைத்திருக்கிறோம், கொஞ்சம் ஆடும், பரவாயில்லை. என்னால் உங்கள் சுவரில் ஒரு குறை இருக்கக் கூடாது. ஹியூபேட் பாஸிடம் சொல்லி ஒட்டிவிடுங்கள்.

வாருங்கள் என்று கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை. ஆனால் வார்த்தைப்பாட்டு நாளுக்கு வீட்டிலிருந்து கேக் வருவது இங்கே வழக்கம். என் அம்மாவின் லவ் கேக்கைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும், நான்தான் பெருமையாக அளந்துவைத்தேன். கேக்கை அனுப்புவீர்களா? நீங்கள் வராவிட்டாலும் உங்கள் கையால் செய்தது ஏதாவது அன்றைக்கு என் பக்கத்தில் இருக்கட்டும்.

டில்ஷானி


கொட்டாஞ்சேனை
2025 ஜூலை 15

டில்ஷானி,

உறையில் உன் புதுப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வாசலில் பார்சல் வாங்குகிற சிஸ்டருக்கு விளங்க வேண்டுமே, அதற்காக. உள்ளே நீ டில்ஷானிதான்.

லவ் கேக் இத்துடன் வருகிறது, தபாலை நம்பாமல் ஆள் கையில் இன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன். ரவை, கஜு, ரோஜாப் பன்னீர் எல்லாம் வழக்கம் போல. நேற்று முழு நாளும் அந்தக் குசினியில் நின்றேன். தொடக்கத்தில் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு திரிந்தேன், கரண்டி எடுக்க வலப்பக்கம் கை போகும், அங்கே ஒன்றும் இருக்காது. மாற்றித் தருகிறேன் என்று பென்ட்ரிக்காரன் சொன்னான். வேண்டாம் என்றேன். இப்போது இடக்கையால் கலவையைக் கிண்டுகிறேன். உன் கைக்கு வருகிற மாதிரி வரவில்லை, ஆனால் வருகிறது.

டைல் கிடைத்தது. ஹியூபேட் பாஸைக் கூப்பிட்டேன். அவர் சீமெந்தைக் குழைத்து, சுவரில் தண்ணீர் தெளித்து, "தாங்க அக்கா" என்று கையை நீட்டினார். என்னால் கொடுக்க முடியவில்லை. நீ சோப்புப் போட்டுக் கழுவியும் அதன் முதுகில் மேசைக் கால் இருந்த தடம் போகவில்லை. அந்த மனிசனுக்கு முன்னால் குழந்தை மாதிரி அழுதேன். குழைத்ததை வாளியில் கழுவி ஊற்றிவிட்டு, நான் போட்டுக் கொடுத்த பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போனார்.

அதை ஒட்டினால் சுவர் முடிந்துவிடும் டில்ஷானி. முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த இடம் அப்படியே இருக்கட்டும். சமைக்கும்போது அதைப் பார்த்துக் கொஞ்சம் கதைக்கிறேன். உன்னோடு கதைக்க எனக்கும் ஒரு இடம் வேண்டாமா?

நாளைக்கு வருகிறேன். வரமாட்டேன் என்றுதான் சொன்னேன், சொன்னது சொன்னதுதான் என்றும் சொன்னேன், இனி என் சொல்லுக்கு என்ன மரியாதை. கடைசி வாங்கில் இருப்பேன். கம்பிக்குப் பக்கத்தில் வர மாட்டேன். உன் தலையில் பூமுடி வைக்கும்போது நீ என்னைத் தேடித் திரும்பிப் பார்க்காதே. பார்த்தால் நான் எழுந்து வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

கேக் பெட்டியின் அடியில், எண்ணெய்த் தாளுக்குக் கீழே, அந்த டைல் இருக்கிறது. சிஸ்டர்மார் தெரியாமல் கத்தியைப் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வை. அதை எடுத்து மேசைக் காலுக்குக் கீழேயே திரும்ப வை. நீ மரக்கறி வெட்டும்போது மேசை ஆடக் கூடாது, கையில் வெட்டிக்கொள்வாய்.

அம்மா